நாற்பத்திரண்டாம் எண்ணுக்குக் குரல் கொடுத்தவள்

ஒருத்தி உயிரோடு இருக்கிறாள் என்று அவளுடைய அண்ணனிடம் சொல்வது அவளைக் காட்டிக்கொடுப்பதாகுமா?

பதினேழு வயதில், ஒரு வியாழக்கிழமை முற்பகலில், பட்டாசு ஆலை ஒன்றின் வாசலில் நின்றபோது இந்தக் கேள்வி என் முன்னால் வந்தது. அப்போது இதை ஒரு முழு வாக்கியமாக எனக்கு நானே கேட்டுக்கொள்ளவில்லை. அதற்கு நேரமும் இருக்கவில்லை. பிறகு கல்லூரியில் சமூகப்பணி படித்த ஆண்டுகளில், வகுப்பில் யாராவது பொறுப்பைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அது திரும்ப வந்தது. ஒவ்வொரு முறையும் என் விடை சற்று மாறியது. ஆகவே நடந்ததை, நடந்த வரிசையிலேயே எழுதிப் பார்க்கிறேன்.

எங்கள் ஊர் விருதுநகருக்கும் சிவகாசிக்கும் நடுவில் இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்து, முடிவுக்காகக் காத்திருந்த கோடை அது. மின்வெட்டு தொடங்கியிருந்த ஆண்டுகள். பகலில் மின்விசிறி நின்றால் வீட்டுக்குள் உட்கார முடியாது. வெளியே வந்தால் தெருவில் கால் வைக்க முடியாது. புத்தகத்தை எடுத்தால் இரண்டு பக்கம், பிறகு தண்ணீர்ப் பானை, பிறகு வாசல், மறுபடியும் அதே இரண்டு பக்கம். எதற்காக எழுந்தேன் என்பது எழுந்த பிறகு மறந்துவிடும். அவளும் அப்படித்தான் இருந்தாள். அவள் என்று நான் சொல்வது, ஆறாம் வகுப்பிலிருந்து பள்ளியில் என் பக்கத்திலேயே உட்கார்ந்த தோழியை.

விருதுநகரில் ஒரே கல்லூரியில், ஒரே பாடத்தில் சேர்வதென்று இருவரும் முடிவு செய்திருந்தோம். விண்ணப்பப் படிவங்கள் இரண்டும் என் வீட்டுத் தகரப் பெட்டியில் இருந்தன. என் கையெழுத்து தெளிவாக இருக்கும் என்பதால் இரண்டையும் நானே நிரப்பியிருந்தேன். இருவரின் புகைப்படங்களையும் ஒட்டிவிட்டேன். அவள் தன் படிவத்தில் கையொப்பம் இட வேண்டியது மட்டும்தான் பாக்கி. பெயர், பிறந்த தேதி, தாய்மொழி எல்லாம் என் எழுத்தில் இருக்க, கீழே ஒரு கோடு மட்டும் வெறுமையாக இருந்தது. நான் நினைவூட்டும்போதெல்லாம் நாளைக்கு என்றாள்.

சும்மா இருப்பதைவிட வேலைக்குப் போகலாம் என்று தொடங்கியவளும் அவள்தான். அவளைவிட ஐந்து வயது மூத்த அண்ணன், சிவகாசியைத் தாண்டி ஏழாயிரம்பண்ணை போகும் வழியில் இருந்த ஒரு பட்டாசு ஆலையில் லோடு ஏற்றும் வேலை பார்த்தார். ஊரில் பாதிப் பெண்கள் அந்த ஆலையின் வேனில்தான் போய்வந்தார்கள். பதினெட்டு வயதாகாத பெண்களை உள்ளே விடக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். அவளுடைய அம்மா ஆலைக் கணக்கப்பிள்ளையிடம், “ரெண்டு புள்ளைகளுக்கும் பதினெட்டு முடிஞ்சிருச்சுய்யா” என்றார். கணக்கப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அந்தக் கோடையில் நான் சொன்ன முதல் பொய் அது.

வேன் காலை ஆறரை மணிக்கு ஊர் மந்தைவெளிக்கு வரும். எல்லோரும் ஏறியதும் கணக்கப்பிள்ளை ஓட்டுநருக்குப் பக்கத்தில், முன்னால் பார்த்தபடி உட்கார்ந்து நோட்டை விரிப்பார். எங்கள் ஊர்த் தெய்வத்தின் பெயர் வேனில் ஆறு பேருக்கு இருந்தது. எனவே பெயரைக் கூப்பிட்டுப் பயனில்லை. ஆளுக்கு ஓர் எண். எண்ணைக் கூப்பிட்டால் பின்னாலிருந்து “இருக்கேன்” என்று குரல் வரும். அவர் ஒரு கோடு போடுவார். திரும்பிப் பார்க்கமாட்டார். நான் நாற்பத்தொன்று. அவள் நாற்பத்திரண்டு.

அந்த வேனில் ஒரு வழக்கம் இருந்தது. குழந்தைக்குக் காய்ச்சல், தண்ணீர் லாரி தாமதம் என்று ஏதோ ஒன்றால் வேனைப் பிடிக்க முடியாதவளுக்காக இன்னொருத்தி “இருக்கேன்” என்பாள். அதற்குக் குரல் கொடுப்பது என்று பெயர். தவறவிட்டவள் டவுன் பஸ் பிடித்து ஒன்பது பத்து மணிக்கு வந்து, ஆலையின் பின்வேலியில் இருந்த திறப்பு வழியாக நுழைந்து தன் அறைக்குப் போய்விடுவாள். சொல்லாமல் சில நாள் நின்றுவிட்டவளை அடுத்த சீசனுக்குக் கூப்பிட மாட்டார்கள் என்பதால் இந்த ஏற்பாடு. யாரும் இதை ஏமாற்று என்று நினைக்கவில்லை. பக்கத்து வீட்டு அடுப்பில் பால் பொங்காமல் பார்த்துக்கொள்வது போன்ற ஓர் உதவி. எங்கள் அறையில் வேலை செய்த, எல்லோரும் மதினி என்று கூப்பிட்ட ஒருவருக்குத்தான் இந்த உதவி அதிகம் தேவைப்பட்டது. அவருடைய மகனுக்கு இளைப்பு நோய். பையன் மூச்சுக்குத் தவிக்கிற காலைகளில் வேனில் யாராவது ஒருத்தி மதினியாகிவிடுவாள்.

எங்கள் அறையில் வெடிமருந்து கிடையாது. வெடிப் பெட்டிகளில் மயில் படம் போட்ட லேபிள் ஒட்டுவதுதான் வேலை. மைதாப் பசையில் எலி வாய் வைக்காமல் இருக்க மயில்துத்தம் கலந்திருப்பார்கள். மாலையில் சோற்றில் கை வைத்தால் அந்தக் கசப்பு நாக்கில் ஏறும். லேபிள் கட்டுகள் சிவகாசி அச்சகம் ஒன்றிலிருந்து வரும். அவற்றைத் தோளில் சுமந்துகொண்டு அவளுடைய அண்ணன் வாசலில் வந்து நிற்பார்.

“என்ன டீச்சரம்மா, படிச்ச புள்ளைக ஒட்டுன பெட்டியில மட்டும் மயிலு தலைகீழா நிக்குதாமே?”

“அண்ணே, அது ஒங்க தங்கச்சி ஒட்டுனது.”

“அவளும் படிச்சவதான. தப்பு படிப்பு மேலதான்.”

மதினி விடமாட்டார். “ஏய்யா, நீரு எட்டாப்போட நிறுத்தினீரே, ஒம்மக் கட்டு மட்டும் எப்பயும் கோணலாத்தான வந்து எறங்குது.”

அவர் சிரித்துக்கொண்டே கட்டை இறக்குவார். தங்கையின் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவார். இவ்வளவு எளிதாகச் சிரிக்கிற மனிதரைப் பார்த்து நான் ஏன் பயந்தேன் என்பதற்குக் காரணம் அந்தக் கட்டுகளுக்குள்ளேயே இருந்தது.

அச்சகத்தில் வண்ணம் சரிபார்க்க ஓட்டிப் பார்த்த வீண் தாள்களைக் கொண்டுதான் லேபிள் கட்டுகளைச் சுற்றுவார்கள். ஒன்றின் மேல் ஒன்றாக நாலைந்து படங்கள் விழுந்த தாள்கள். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம் அப்படி ஒரு தாளைப் பிரித்தபோது உள்பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தது: வியாழன், அணை, எட்டு மணி. நான் அதைப் படித்து முடிப்பதற்குள் அவள் பிடுங்கிப் பசை வாளியில் அமுக்கினாள். தாள் கரைகிற வரைக்கும் அவளுடைய கை வாளிக்குள்ளேயே இருந்தது.

“யாருடி?” என்று கேட்டேன்.

“ஒனக்குத் தெரிஞ்சவந்தான்.”

எங்கள் பள்ளியில் ஒரு வகுப்பு மேலே படித்தவன். அந்த அச்சகத்தில் கட்டுப் போடும் வேலையில் இருந்தான். பள்ளியில் ஆண்டு விழாவுக்கு மேடை அலங்காரம் செய்பவன், அதிகம் பேசமாட்டான். அவர்களுடைய தெருவுக்கும் இவளுடைய தெருவுக்கும் பெண் கொடுத்து வாங்குகிற வழக்கம் ஒருபோதும் இருந்ததில்லை. இதற்குமேல் விளக்கம் எங்கள் ஊரில் யாருக்கும் தேவைப்படாது. முந்தின ஆண்டு இதுபோன்ற ஒரு விஷயம் வெளியே வந்தபோது, இவளுடைய அண்ணன்தான் சித்தப்பா மகன்களோடு போய் அந்தப் பையனின் சைக்கிளைக் கிணற்றில் போட்டவர். அதை ஊரே சிரித்துக்கொண்டு சொன்னது. நானும் சிரித்தேன்.

“எத்தன நாளா?” என்றேன்.

“பரீச்சைக்கி முன்னால இருந்து.”

பரீச்சைக்கு முன்னால் நாங்கள் ஒவ்வொரு நாளும் ஒன்றாகத்தான் படித்தோம். ஒன்றுகூட என்னிடம் சொல்லாமல் அவளால் அத்தனை மாலைகள் என் எதிரில் உட்கார முடிந்திருக்கிறது. அன்று முழுவதும் எனக்கு லேபிள் நேராக ஒட்டவில்லை.

வியாழக்கிழமைகளில் அந்த அச்சகத்துக்கு மின்சாரம் இருக்காது; அவனுக்கு விடுமுறை. அவள் என்னிடம் கேட்டது சின்ன உதவி. அவளுக்காக ஒரு நாள் நான் குரல் கொடுக்க வேண்டும். அவள் ஆனைக்குட்டம் அணைக்கரைக்குப் போய் ஒரு மணிநேரம் பேசிவிட்டு டவுன் பஸ்ஸில் வந்துவிடுவாள்.

அந்த வியாழன் வேனில் நாற்பத்தொன்றுக்கு என் குரலில் “இருக்கேன்” என்றேன். நாற்பத்திரண்டுக்குக் குரலைத் தாழ்த்தி இன்னொரு முறை சொன்னேன்.

“நாப்பத்திரண்டுக்கு என்னமோ ராவோட ராவா மீசை மொளச்ச மாதிரியில்ல இருக்கு,” என்றார் மதினி, தணிந்த குரலில். பின்வரிசை முழுவதும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டது. கணக்கப்பிள்ளை கோடு போட்டார்.

அவள் பதினொரு மணிக்குப் பின்வேலி வழியாக வந்தாள். அந்த வழி, வெடிகளைக் காயப்போடும் மேடையையும் காய்ந்தவற்றை அடுக்கி வைக்கும் சிறிய கொட்டகையையும் ஒட்டி வருகிறது. முகம் வெயிலில் கன்றிப்போயிருந்தது. அணையில் தண்ணீர் இல்லையாம். வெடித்த களிமண்ணும் நடுவில் ஒரு குட்டையும்தானாம். “அத வச்சுக்கிட்டு எம்புட்டு நேரம் பேசுறது,” என்று சொல்லிச் சிரித்தாள். ஆனால் அன்று மாலைவரை வேறு எதைப் பற்றியும் அவள் பேசவில்லை. கல்லூரியைப் பற்றி நான் எடுத்த பேச்சு பாதியிலேயே நின்றது.

அடுத்த புதன்கிழமை மாலை, தெருக்குழாயடியில் மறுபடியும் கேட்டாள்.

“நாளைக்கும் குரல் குடுடி. ஆனா நாளைக்கி நான் ஆலைக்கி வரல. சாயங்காலம் வேன் திரும்புற நேரத்துக்கு மந்தையில நிப்பேன்.”

“முழு நாளுமா? அறையில கேட்டா?”

“டவுன் பஸ்ல வாரான்னு சொல்லு. பெறகு வயித்து வலின்னு சொல்லிக்கிடலாம். அவன் திருப்பூர்ல வேலைக்கிக் கேட்டிருக்கான். போறதா வேண்டாமான்னு பேசணும்.”

“மொதல்ல அந்தப் படிவத்துல கையெழுத்துப் போடு.”

“படிவம் எங்க ஓடிப்போகப் போகுது?”

“நீ ஓடிப்போகாம இருந்தாச் சரி.”

வேடிக்கையாகத்தான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. குடம் நிறைந்து வழிவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த ஒரு நொடியில், திருப்பூருக்கு அவன் மட்டும் போவதைப் பற்றி அவர்கள் பேசப்போவதில்லை என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதை நான் கேட்கவில்லை. சரி என்றேன்.

மறுநாள் காலை இரண்டு குரல் கொடுத்தேன். அறையில் மதினி கேட்டபோது, “டவுன் பஸ்ல வாரா மதினி, ஒம்போதரைக்கு வந்துருவா” என்றேன். கத்திரி வெயில் தொடங்கி இரண்டு மூன்று நாள் ஆகியிருந்தது. எட்டு மணிக்கே சுவரில் கை வைக்க முடியவில்லை. ஒன்பதரை ஆனது. பத்தானது. மதினி இரண்டு முறை வாசலை எட்டிப் பார்த்தார். “இன்னும் காங்கலையே புள்ளைய,” என்றார். “பஸ் பிந்தியிருக்கும்,” என்றேன். என் கை ஒட்டிய லேபிளையே திரும்ப உரித்து ஒட்டிக்கொண்டிருந்தது.

பத்தரை மணி அளவில் சத்தம் கேட்டது. தொலைவில் கேட்கும் வெடிச் சத்தம் எங்கள் பக்கத்தில் புதிதல்ல. இது காதில் கேட்பதற்கு முன்பே தரையில் தெரிந்தது. பசை வாளி நகர்ந்தது. பெண்கள் வாசல் நோக்கி ஓடத் தொடங்கியிருந்தார்கள், நானும் ஓடினேன். திரும்பிப் பார்த்தபோது மேடைக்குப் பக்கத்துக் கொட்டகையின் தகரக் கூரை அங்கே இல்லை. வெண்புகை எழுந்துகொண்டிருந்தது. அதற்குள் மிச்ச வெடிகள் விட்டுவிட்டு வெடித்தன.

ஆலை வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் எல்லோரும் கூடினோம். கணக்கப்பிள்ளை நோட்டோடு வந்தார். எண்களைக் கூப்பிட்டார். இந்த முறை ஒவ்வொரு முகத்தையும் நிமிர்ந்து பார்த்துக் கோடு போட்டார். கொட்டகையில் வேலை செய்த இருவரும் தண்ணீர் குடிக்கப் போயிருந்ததால் தப்பியிருந்தார்கள். அவர்களும் வந்து நின்றார்கள்.

“நாப்பத்தொண்ணு.”

“இருக்கேன்.”

“நாப்பத்திரண்டு.”

மறுபடியும் கூப்பிட்டார். அவளுடைய அண்ணன் லாரியிலிருந்து இறங்கிக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். “எங்க அவ?” என்று என்னைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மதினி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

“ஐயோ, அந்தப் புள்ள டவுன் பஸ்ல வாரேன்னுச்சாம்ய்யா. இந்நேரம் பின்வழியாத்தான வந்துக்கிட்டிருக்கும்.”

பின்வழி என்றால் கொட்டகையை ஒட்டிய வழி. அது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். அண்ணன் லாரிப் பக்கம் ஓடினார். லாரியில் கிடந்த சாக்கை எடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் முக்கித் தலையில் போட்டுக்கொண்டு உள்ளே ஓடினார்.

நான் பேசவில்லை. இதை எழுதும்போது என் கை தயங்குவது இந்த இடத்தில்தான். பயத்தில் வாயடைத்துப் போனேன் என்று எழுதலாம். அது பாதி உண்மை. மறு பாதி, நான் ஒரு கணக்குப் போட்டேன் என்பது. உள்ளே யாரும் இல்லை. அவர் தேடிப் பார்ப்பார். இல்லை என்று தெரிந்து திரும்பிவிடுவார். ரகசியம் ரகசியமாகவே இருக்கும். மாலையில் அவள் மந்தையில் வந்து நின்று ஏதாவது சொல்லிக்கொள்வாள். இல்லாத ஒருத்தியைத் தேடுகிறவர் எளிதில் திரும்பமாட்டார் என்பது எனக்குத் தெரியவில்லை. இருப்பவளைத் தேடினால் ஓரிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். இல்லாதவளை எல்லா இடத்திலும் தேட வேண்டும். புகைக்குள் அவளுடைய பெயர் கேட்டது. பிறகு இருமல். மறுபடியும் பெயர்.

அவர் வெளியே வந்தபோது இடது கை முழங்கையிலிருந்து விரல்வரை நிறம் மாறியிருந்தது. விழுந்து கிடந்த கூரைத் தகரத்துக்கு அடியில் அவள் இருப்பாளோ என்று வெறுங்கையால் அதைத் தூக்கியிருக்கிறார். மதினி அந்தக் கையைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் வலது கையால் சாக்கை மறுபடியும் தொட்டிக்குள் அமுக்கினார்.

நான் போய் அந்தச் சாக்கைப் பிடித்துக்கொண்டேன்.

“அண்ணே, போகாதீக. அவ உள்ள இல்ல.”

“விடு.”

“இன்னைக்கி அவ வரவே இல்ல. நாந்தான் குரல் குடுத்தேன்.”

“அதான் பஸ்ல வந்தாளாம்ல. விடு சாக்கை.”

“பஸ்லயும் வரல. ஆனைக்குட்டம் அணைக்கிப் போயிருக்கா. சாயங்காலந்தான் வருவா. நேத்தே எங்கிட்டச் சொல்லிட்டா.”

அவர் சாக்கை விட்டார். தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். “அப்ப உசுரோட இருக்கா,” என்றார். என்னிடம் சொல்லவில்லை. இன்னொரு முறை சொன்னார். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள், குடித்தார். அப்போது அவருடைய முகத்தில் கோபம் கொஞ்சம்கூட இல்லை என்பதை நான் உறுதியாகச் சொல்ல முடியும். அந்த இடத்தோடு நான் நிறுத்தியிருக்கலாம்.

பிறகு அவர் நிமிர்ந்து கேட்டார். “அணைக்கி எதுக்குப் போனா? தனியாவா?”

“இல்ல.”

“ஆரு கூட?”

நான் சொன்னேன். எந்தத் தெரு, யார் மகன், எந்த அச்சகம் என்று மூன்றையும் சொன்னேன்.

எரிந்த கையோடு உட்கார்ந்திருந்த ஒருவரிடம் இன்னொரு பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை என்று பல ஆண்டுகள் எனக்கு நானே சொல்லிவந்தேன். அது பொய்யில்லை. ஆனால் அது மட்டுமும் இல்லை. பரீச்சைக்கு முந்தைய அத்தனை மாலைகளும், கையொப்பமில்லாத அந்தப் படிவமும், வழிந்துகொண்டிருந்த குடமும் அந்தப் பதிலில் கலந்திருந்தன. அந்தப் பெயரைச் சொன்னால் அவள் திருப்பூருக்குப் போகமாட்டாள் என்று எனக்குத் தெரியும். அது தெரிந்தேதான் சொன்னேன்.

அவர் என்னையே பார்த்தார். “ஒனக்கு எம்புட்டு நாளாத் தெரியும்?”

“பத்துப் பன்னெண்டு நாளா.”

“நல்லாப் படிச்சிருக்கீக டீச்சரம்மா,” என்றார். என்னை அவர் மரியாதைக்குரிய ‘ஈக’ போட்டுப் பேசியது அதுதான் முதல் முறை.

அவரை ஆலை வண்டியில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அன்று அந்த ஆலையில் தீக்காயம் பட்டவர் அவர் ஒருவர்தான். அங்கே இல்லாத ஒருத்தியைத் தேடப்போனதால் பட்ட காயம்.

சித்தப்பா மகன்கள் இரண்டு வண்டிகளில் அணைக்குப் போனார்கள். அவனை அடித்தார்கள், ஆனால் ஊர் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. கையைச் சுட்டுக்கொண்டவர் மருத்துவமனைக் கட்டிலில் கிடந்ததால் அவர்களுக்கு ஆத்திரத்தைவிடக் குழப்பம்தான் அதிகம் இருந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். அவளுக்கு இரண்டு செய்திகளும் ஒரே மூச்சில் சொல்லப்பட்டன: விஷயம் தெரிந்துவிட்டது, உன்னைத் தேடப்போய் அண்ணன் கை வெந்துவிட்டது. அந்த வாரத்திலேயே அவன் திருப்பூருக்குப் போய்விட்டான். தனியாகத்தான் போனான்.

எட்டு நாள் கழித்துக் காலையில் அவள் என் வீட்டுக்கு வந்தாள். அவளுடைய அம்மா தெருமுனையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவள் உள்ளே வரவில்லை.

“அந்தப் படிவத்துல ஒட்டுன என் போட்டோவக் குடு. மில்லுல கேக்காக.”

ராஜபாளையத்தில் அவளுடைய அத்தை வீட்டிலிருந்து நூல் மில்லுக்கு அனுப்புவதாக முடிவாகியிருந்தது. நான் தகரப் பெட்டியிலிருந்து படிவத்தை எடுத்து வந்தேன். நன்றாகப் பசை தடவி ஒட்டியிருந்ததால் படம் சுலபமாக வரவில்லை. நிலைப்படியில் வைத்து நகத்தால் ஓரத்தைக் கிளப்பிக்கொண்டே அவள் பேசினாள்.

“அண்ணன் கையி இனி லோடு தூக்காதாம். விரலு மடங்கல.”

“நான் முன்னமே சொல்லிருக்கணும்.”

“சொல்லிருக்கணும்தான். குரல் குடுன்னு கேட்டவ நானு. அந்தக் கையில எனக்கும் பங்கு இருக்கு, ஒனக்கும் இருக்கு. அத நான் செமந்துக்கிடுதேன்.” படத்தின் ஒரு மூலை கிழிந்தது. அவள் நிறுத்திவிட்டு மறுபக்கத்திலிருந்து கிளப்பினாள். “உள்ள இல்லன்னு சொன்ன. அதுல குத்தமில்ல. எங்கண்ணன் உசுரு அது. தனியாப் போயிருக்கான்னு சொல்லிருக்கலாம்ல? மார்க்கு வாரதுக்குள்ள வேண்டுதலு, அணைக்கரைக் கோயிலுக்குப் போயிருக்கான்னு சொல்லிருக்கலாம்ல? ரெண்டு குரல்ல பேசத் தெரிஞ்சவளுக்கு இது ஒண்ணு வராதா?”

“அவரு கேட்டாரு.”

“கேட்டா?”

படம் கையோடு வந்தது. பின்பக்கம் படிவத்தின் தாள் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைச் சுரண்டிப் பார்த்தாள், வரவில்லை. அப்படியே முந்தானையில் முடிந்துகொண்டு இறங்கிப் போனாள். தேர்வு முடிவு வந்தபோது என்னைவிடப் பதினேழு மதிப்பெண் கூடுதலாக எடுத்திருந்தாள்.

இதில் நான் அன்று எண்ணிப் பார்க்காத ஒருவர் மதினி. விபத்துக்குப் பிறகு குரல் கொடுக்கும் வழக்கம் ஆலை முதலாளிவரை போய்விட்டது. பின்வேலித் திறப்பை முள்கம்பி வைத்து அடைத்தார்கள். கணக்கப்பிள்ளை வேனில் நோட்டை விரிப்பதை விட்டு, வாசலில் ஒவ்வொருவராக நிறுத்தி முகம் பார்த்துக் கைநாட்டோ கையொப்பமோ வாங்கினார். இது சரியான ஏற்பாடு. உள்ளே யார் இருக்கிறார் என்று தெரியாத பட்டாசு ஆலை எவ்வளவு ஆபத்தானது என்பதை நானே கண்டேன். இன்று யார் கேட்டாலும் இந்த முறையைத்தான் ஆதரிப்பேன். ஆனால் மகனுக்கு இளைப்பு வந்த காலைகளில் மதினிக்கு இனி யாரும் இல்லை. அடுத்த சீசனுக்கு அவரைக் கூப்பிடவில்லை. வீட்டிலிருந்தே தீப்பெட்டி ஒட்டத் தொடங்கினார். வழியில் பார்த்தால் என்னிடம் முகம் கொடுத்துத்தான் பேசுவார். “படிக்கிறியா தாயி, படி,” என்பார். என் தோழி அதன் பிறகு என்னோடு பேசாமல் போனதைவிட இது கடினமாக இருந்தது.

அண்ணனைச் சில ஆண்டுகள் கழித்து விருதுநகர் பேருந்து நிலையத்தில் பார்த்தேன். ஒரு பருப்பு மொத்தக் கடையில் வாசலில் இருந்து மூட்டைகளைச் சரிபார்க்கும் வேலை என்றார். இடது கையைச் சட்டைப் பைக்குள் வைத்திருந்தார். “சாப்பிட்டீகளா?” என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றேன். தங்கைக்குத் திருமணமாகிவிட்டது, ஒரு பெண் குழந்தை என்று அவராகவே சொன்னார். எந்த ஊர் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

முதல் கேள்விக்கு இப்போது என்னிடம் உள்ள விடை இது: உயிரோடு இருக்கிறாள் என்று சொன்னதல்ல காட்டிக்கொடுத்தல். அதைச் சொல்ல நான் எடுத்துக்கொண்ட நேரம் ஒரு துரோகம். அதற்குமேல் நான் சொன்னது இன்னொன்று. இவற்றில் எது பெரியது என்று என்னால் இன்னும் தீர்மானிக்க முடியவில்லை.

கல்லூரியில் நான் மட்டும் சேர்ந்தேன். அங்கே மூன்று ஆண்டுகளில் எந்தத் தோழிக்காகவும் நான் வருகை சொன்னதில்லை. அதற்காகச் சிலர் என்னோடு பேச்சை நிறுத்தினார்கள். எங்கள் ஊர் வேனிலும் அந்தக் கோடைக்குப் பிறகு யாரும் யாருக்கும் குரல் கொடுக்கவில்லை.